கேளுங்கள், சொல்கிறேன்: கலந்தும் கலக்காத பாலிமர்கள்

பிளாஸ்டிக் கலவை ஆய்வகத்தில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால் இந்தப் பக்கத்துக்குப் பாலிமர் கேள்விகள் வருவது வழக்கம். இம்முறை வந்தவற்றில் பல ஒரே இடத்தைச் சுற்றுகின்றன: இரண்டு பாலிமர்களைச் சேர்த்தால் அவை ஏன் சேர மறுக்கின்றன? ஆகவே இந்த இதழ் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

பாலிஸ்டைரீனையும் பி.எம்.எம்.ஏ.வையும் (அக்ரிலிக் கண்ணாடி செய்யும் பாலிமர்) தனித்தனியே டொலுவீன் என்ற கரைப்பானில் கரைத்தேன். இரண்டும் தண்ணீர்போலத் தெளிவாக இருந்தன. ஒன்றாக ஊற்றிக் கலக்கி, கண்ணாடித் தட்டில் பரப்பிக் காயவைத்தால் பால்போல வெளுத்த படலம் கிடைக்கிறது. மூன்று முறை செய்தும் அதேதான். என் பொருளில் மாசா, செய்முறையில் பிழையா?
— வேதியியல் முதுகலை மாணவி

இரண்டும் இல்லை. மூன்று முறையும் நீங்கள் சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள். அந்த இரண்டு பாலிமர்களும் தம் இயல்புப்படி நடந்துகொண்டிருக்கின்றன.

படலத்துக்குள் பாலிஸ்டைரீன் மிகுந்த பகுதிகளும் பி.எம்.எம்.ஏ. மிகுந்த பகுதிகளும் தனித்தனியே ஒதுங்கி நிற்கின்றன. இப்படித் தனக்கென்று ஒரு சேர்மானமும் எல்லையும் கொண்டு நிற்கும் பகுதியைத்தான் பாடநூல் ‘நிலைமை’ என்கிறது. ஒன்றாக இருந்தது இரண்டாவதே நிலைமைப் பிரிவு. பாலிஸ்டைரீனின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.59, பி.எம்.எம்.ஏ.வுக்கு 1.49. ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குள் நுழையும் ஒவ்வொரு எல்லையிலும் வெளிச்சம் சிதறுகிறது. பால் வெள்ளையாகத் தெரிவதும் இதே காரணத்தால்தான்: அங்கே கொழுப்புத் துளிகள், இங்கே பாலிமர் துளிகள்.

ஏன் ஒதுங்குகின்றன? இதை விளக்க நான் எப்போதும் மணிகளை எடுத்துக்கொள்வேன். ஒரு தட்டில் ஆயிரம் சிவப்பு மணிகள், ஆயிரம் நீல மணிகள், எல்லாம் உதிரி. தட்டைக் குலுக்கினால் அவை கலந்துவிடும். கலந்து நிற்பதற்கான வழிகள் எண்ணிலடங்காதவை, பிரிந்து நிற்பதற்கான வழிகள் சொற்பம். இதைத்தான் என்ட்ரோபி என்கிறோம். சிறு மூலக்கூறுகள் ஒன்றில் ஒன்று கரைவதற்கு இதுவே பெரிய உந்துதல். இப்போது சிவப்பு மணிகள் அனைத்தையும் ஒரே நூலில் கோத்துவிடுங்கள். நீல மணிகளை இன்னொரு நூலில். பாலிமர் என்பது இப்படிச் சிறு அலகுகளைக் கோத்த நீண்ட சங்கிலிதான். மணி எதுவும் குறையவில்லை. ஆனால் தன் விருப்பத்துக்கு இடம் மாறக்கூடிய பொருள்கள் இரண்டாயிரத்திலிருந்து இரண்டாகிவிட்டன. கலப்பதால் கிடைக்கும் என்ட்ரோபி ஆதாயம் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. சிவப்புக்கும் நீலத்துக்கும் இடையே உள்ள சிறு பிணக்கோ அப்படியே இருக்கிறது, ஏனென்றால் மணிகள் இன்னும் மணியோடு மணியாகத்தான் உரசுகின்றன.

1941-42 வாக்கில் பால் ஃபிளோரியும் மாரிஸ் ஹக்கின்ஸும் தனித்தனியே இந்தக் கணக்கைப் போட்டார்கள். மணிக்கு மணி உள்ள பிணக்கை ‘கை’ என்று ஒலிக்கும் கிரேக்க எழுத்தால் குறித்தார்கள். இரண்டு சங்கிலிகளும் ஒரே நீளம் என்றால், ‘கை’யைச் சங்கிலியின் நீளத்தால் பெருக்கி வரும் விடை 2-ஐத் தாண்டும்போது, சரிபாதிக் கலவை பிரியத் தொடங்கும். உதிரி மூலக்கூறுகளுக்கு ‘கை’ 2 வரை போகலாம். ஆயிரம் அலகு நீளச் சங்கிலிக்கோ 0.002-தான் எல்லை! உங்கள் இணைக்கு ‘கை’ 0.03-க்கும் 0.04-க்கும் இடையே இருக்கிறது. ஐம்பது, அறுபது அலகு நீளத்தைத் தாண்டினாலே அவை ஒத்துவராது என்று பொருள். நீங்கள் வாங்கிய பொருளில் சங்கிலிகள் அதைவிடப் பல மடங்கு நீளமாக இருந்திருக்கும்.

அப்படியானால் ஒன்றாக ஊற்றியபோது ஏன் தெளிவாக இருந்தது? டொலுவீன் நடுவில் நின்று இரண்டையும் விலக்கி வைத்திருந்தது. சிவப்பு மணி நீல மணியைச் சந்திப்பதே அரிது. டொலுவீன் ஆவியாக ஆவியாகச் சந்திப்புகள் பெருகுகின்றன, ஒரு கட்டத்தில் எல்லை தாண்டப்படுகிறது. நான்காம் முறை செய்யும்போது தட்டின் அடியில் ஒரு விளக்கை வைத்துவிட்டு அருகிலேயே உட்காருங்கள். முதலில் ஒரு மெல்லிய நீலச் சாயல் தோன்றும், பிறகு மங்கல், பிறகு வெண்மை. அந்த நீலம் தோன்றும் நொடியைத் தவறவிடாதீர்கள். எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். இன்னும் பார்க்கப் பிடிக்கிறது.

இது புதிதாகக் கண்டறியப்பட்டதும் அல்ல. பாலிமர் என்றால் நீண்ட சங்கிலி என்று உலகம் ஏற்றுக்கொள்வதற்கு முன்பே, 1896-ல், நெதர்லாந்தின் பெயரிங்க் ஜெலட்டினையும் அகாரையும் தண்ணீரில் கரைத்துச் சேர்த்தபோது அவை பிரிந்து நின்றதை எழுதி வைத்திருக்கிறார். உங்கள் படலத்துக்கு நல்ல பரம்பரை இருக்கிறது.

‘ஒத்தது ஒத்ததில் கரையும்’ என்று வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறேன். பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே. இவற்றைவிட ஒத்தவை எங்கே கிடைக்கும்? இவை கலப்பதில்லை என்று ஒரு மாணவன் படித்துவிட்டு வந்து கேட்கிறான்.
— மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்

அந்த மாணவனை என் சார்பில் பாராட்டுங்கள். உங்கள் வாக்கியம் உதிரி மூலக்கூறுகளுக்கு நல்ல வழிகாட்டி. சங்கிலிகளுக்கு வரும்போது ‘எவ்வளவு ஒத்தது?’ என்ற கேள்வி மிகக் கடுமையாகிவிடுகிறது.

எவ்வளவு கடுமை என்பதற்கு ஓர் உதாரணம். 1980-களின் நடுவில் ஃபிராங்க் பேட்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் ஒரே பாலிமரில் இரண்டு வகை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றில் சாதாரண ஹைட்ரஜன். மற்றதில் அதன் இடத்தில் டியூட்டிரியம். வேதியியல் அமைப்பு ஒன்றே, வடிவம் ஒன்றே, வேறுபாடு அணுக்கருவில் கூடுதலாக ஒரு நியூட்ரான் மட்டும். அதற்கு முன்பு, நியூட்ரான் சிதறல் சோதனைகளில் சங்கிலியின் வடிவத்தை அறிய இப்படி ஒரு பகுதியை டியூட்டிரியத்தால் அடையாளமிட்டு, ‘இரண்டும் ஒன்றே’ என்று நம்பித்தான் எல்லோரும் கணக்குப் போட்டுவந்தார்கள். பேட்ஸ் குழு காட்டியது: சங்கிலி போதிய அளவு நீண்டால் இவையும் பிரியும். கார்பனோடு டியூட்டிரியத்தின் பிணைப்பு ஹைட்ரஜனின் பிணைப்பைவிடச் சற்றே குட்டையாகவும் இறுக்கமாகவும் இருக்கிறது. பாலிஸ்டைரீனில் அந்த வேறுபாட்டுக்கான ‘கை’ பத்தாயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான். ஆனால் சங்கிலி பத்தாயிரம் அலகைத் தாண்டும்போது பெருக்கல் 2-ஐ எட்டிவிடுகிறது.

ஒரு பொருள் தன் சொந்த ஐசோடோப்போடுகூடச் சேராமல் போகும் என்று முதன்முதலில் படித்த நாளில் எனக்கு வேலையே ஓடவில்லை. இதை வகுப்பில் சொல்லிப் பாருங்கள். ஒவ்வொரு புரொப்பிலீன் அலகிலும் ஒரு மீத்தைல் கிளை நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு நியூட்ரானோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதை மாணவனே சொல்லிவிடுவான்.

பாலிஸ்டைரீனும் பாலிவினைல் மீத்தைல் ஈதரும் நன்றாகக் கலக்கும் என்றார்கள். கண்ணாடிபோன்ற படலமும் கிடைத்தது. அதைச் சூடாக்கினேன்; வெளுத்துவிட்டது! சூடாக்கினால் இன்னும் நன்றாகக் கரைய வேண்டாமா?
— ஆய்வு மாணவர்

உங்கள் வியப்பு எனக்கு மிகவும் பழக்கமானது. சூடு கரைதலுக்கு உதவும் என்பது சிறு வயதிலிருந்தே நம் மனத்தில் பதிந்துவிட்ட ஒன்று. பாலிமர் இணைகளில் பலவற்றுக்கு அது தலைகீழ்.

இந்த இணை கலப்பதே ஓர் ஈர்ப்பினால்தான். ஸ்டைரீனின் பென்சீன் வளையத்துக்கும் ஈதரின் ஆக்சிஜன் பக்கத்துக்கும் இடையே ஒரு மெல்லிய உறவு உண்டு. அதனால் இவற்றின் ‘கை’ எதிர்க்குறியில், அதாவது பிணக்குக்குப் பதில் இணக்கமாக இருக்கிறது. வெப்பம் ஏறும்போது அந்த மெல்லிய பிடி தளர்கிறது. கூடவே இன்னொன்றும் நடக்கிறது: இரண்டு பாலிமர்களும் ஒரே அளவில் விரிவடைவதில்லை. ஒன்று நெகிழ்ந்து இடம் விடும் வேகத்துக்கு மற்றது ஈடு கொடுப்பதில்லை. அந்த ஏற்றத்தாழ்வு கலவைக்கு எதிராக நிற்கிறது. சங்கிலிகளின் நீளத்தையும் சேர்மான விகிதத்தையும் பொறுத்து, 100 டிகிரி செல்சியசுக்கு மேல் ஓரிடத்தில் படலம் மங்கத் தொடங்கும். மெல்லக் குளிரவிட்டால் மறுபடி தெளியக்கூடும். சட்டென்று குளிர்வித்தால் பிரிந்த கோலம் அப்படியே உறைந்துவிடும். அந்தக் கோலத்தை நுண்ணோக்கியில் பார்ப்பதற்காகவே நாங்கள் அப்படிச் செய்வோம்.

பார்க்கும்போது இதைக் கவனியுங்கள். எல்லையைச் சற்றே தாண்டிய வெப்பநிலையில், நடுத்தர விகிதத்திலிருந்து விலகிய ஒரு கலவையைக் காத்திருக்கவிட்டால், அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துளிகள் முளைத்து வளரும். நடுத்தர விகிதக் கலவையை எல்லைக்கு வெகு அப்பால் ஒரே தாவலில் கொண்டுபோனால் துளிகளே இராது. பின்னிப் பிணைந்த ஆற்றுக் கிளைகள்போல ஒரு வலை ஒரே நேரத்தில் எங்கும் தோன்றும். அதற்கு ஸ்பைனோடல் பிரிவு என்று பெயர். அதன் கணிதத்தை ஜான் கான் 1961-ல் எழுதினார். முதல் வகையில் ஒரு துளி பிறக்க ஆற்றல் மேடு ஒன்றை ஏற வேண்டும். இரண்டாவதில் மேடே இல்லை, மிகச் சிறிய ஏற்ற இறக்கம்கூடத் தானாகவே பெருகும். காத்திருக்கக் காத்திருக்க வலை தடித்து, அறுந்து, கடைசியில் அதுவும் துளிகளாகிவிடும். ஆகவே தாமதமாகப் பார்த்துவிட்டு முடிவு சொல்லாதீர்கள்.

எந்தக் கரைப்பானிலிருந்து படலம் எடுத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. தெளிவாக வந்தது என்பதால் டொலுவீன் என்று ஊகிக்கிறேன். ஏன் கேட்கிறேன் என்றால், வேலையில் சேர்ந்த முதல் ஆண்டில் இதே இணையை நான் குளோரோஃபார்மில் கரைத்து ஊற்றினேன். வெள்ளைப் படலம்! பாலிமர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, அதை வீழ்படிவாக்கித் தூய்மைப்படுத்தி, உலர்த்தி, மறுபடி கரைத்து மூன்று வாரம் கழிந்தது, மறுபடியும் வெள்ளை. எங்கள் மூத்தவர் ஒருவர் ஒன்றுமே சொல்லாமல், நான் வைத்திருந்த அதே பொருளை டொலுவீனில் கரைத்து ஊற்றிவிட்டுப் போனார். காலையில் வந்து பார்த்தால், தட்டின் அடியில் இருந்த அளவுகோலின் கோடுகளை எண்ண முடிந்தது. கரைப்பான் இரண்டு பாலிமர்களையும் ஒரே அளவில் விரும்பாவிட்டால், ஒத்துப்போகும் இணையையே அது காயும் வழியில் பிரித்துவிடும். இலக்கு ஒன்றுதான் என்றாலும் போகும் வழியில் ஒரு பள்ளம். பாலிமர் சங்கிலிகள் கனத்தவை, விழுந்தால் எழுந்துவர நேரமிருக்காது. அந்த இரண்டு படலங்களையும் கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே இன்னும் வைத்திருக்கிறேன். ஓரங்களில் மஞ்சள் பாரித்துவிட்டது.

படலம் தெளிவாக இருந்தால் ‘கலந்துவிட்டது’ என்று அறிக்கையில் எழுதலாமா?
— தரக்கட்டுப்பாட்டு அலுவலர்

கூடாது. பகுதிகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியவையாக இருந்தால் தெளிவாகத் தெரியும். இரண்டின் ஒளிவிலகல் எண்களும் ஒன்றாக இருந்தாலும் தெளிவாகத் தெரியும். ரப்பர் சேர்த்த கடினமான பிளாஸ்டிக்கான ஏ.பி.எஸ்.ஸில் ஒளி ஊடுருவும் வகைகளை இந்த உத்தியால்தான் செய்கிறார்கள், உள்ளே ரப்பர் துகள்கள் தனியாகவே இருக்கின்றன. படலம் மிக மெல்லியதாக இருந்தாலும் ஏமாந்துபோவோம்.

மாதிரியைச் சூடாக்கிக்கொண்டே அது உறிஞ்சும் வெப்பத்தை அளக்கும் டி.எஸ்.சி. கருவியில் ஓட்டிப் பாருங்கள். விறைத்த பாலிமர் இளகத் தொடங்கும் வெப்பநிலையைக் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை என்கிறோம், அங்கே வரைகோட்டில் ஒரு படி தெரியும். கலக்காத இணை இரண்டு கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலைகளைக் காட்டும், கலந்தது ஒன்றே ஒன்றைக் காட்டும். பாலிஸ்டைரீனும் பாலிஃபினைலீன் ஆக்சைடும் எந்த விகிதத்திலும் கலக்கும் அபூர்வ இணை. 1960-களில் ‘நோரில்’ என்ற பெயரில் சந்தைக்கு வந்த பொருளின் அடிப்படை இதுதான். அந்த வெப்பநிலை முன்னதற்கு 100 டிகிரி செல்சியஸ், பின்னதற்கு 210 டிகிரி. சரிபாதிக் கலவைக்கு ஃபாக்ஸ் சமன்பாட்டின்படி, கெல்வினில் கணக்கிட்டு மாற்றினால், 148 டிகிரி வருகிறது. அந்த வட்டாரத்தில் ஒற்றைப் படி தெரிந்தால் நிம்மதியாக எழுதலாம். இருந்தாலும், பத்து நானோமீட்டரைவிடச் சிறிய பகுதிகளை டி.எஸ்.சி.யால் பிரித்துக் காட்ட முடியாது. இரண்டு பாலிமர்களின் வெப்பநிலைகளும் அருகருகே இருந்தால் இரண்டு படிகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்துவிடும். ஆகவே ‘டி.எஸ்.சி. அளவில் ஒற்றை நிலைமை’ என்று எழுதுங்கள். எந்தக் கருவியால் பார்த்தோம் என்பதைச் சேர்த்து எழுதினால்தான் அந்த வாக்கியம் முழுமையாகும்.

பிரிவது எப்போதுமே கெடுதலா?
— பொறியியல் மாணவி

இல்லவே இல்லை. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பொருளான, அடி தாங்கும் பாலிஸ்டைரீன், பிரிவினால் பிறந்ததுதான். பாலிஸ்டைரீன் தனியாக இருந்தால் கண்ணாடிபோல நொறுங்கும். பாலிபியூட்டாடையீன் ரப்பரை ஸ்டைரீன் திரவத்தில் கரைத்து, கலக்கிக்கொண்டே ஸ்டைரீனைப் பாலிமராக்குகிறார்கள். உருவாகும் பாலிஸ்டைரீன் முதலில் துளிகளாகப் பிரிகிறது. அதன் பங்கு வளர்ந்து, ரப்பர் கரைசலை மிஞ்சும் கட்டத்தில் எல்லாம் புரண்டுவிடுகிறது: சூழ்ந்திருந்த ரப்பர் துளியாகிறது, துளியாக இருந்த பாலிஸ்டைரீன் சூழ்ந்துகொள்கிறது. ஆனால் ஒவ்வொரு ரப்பர் துளியும் தன் வயிற்றுக்குள் சில பாலிஸ்டைரீன் துளிகளை விழுங்கியபடியே நிற்கும். ஆஸ்மியம் டெட்ராக்சைடு கொண்டு சாயமேற்றி மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் கருப்பு வலைக்குள் வெள்ளை உருண்டைகள். ஒருமுறை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

அடி விழும்போது, ஓரிரு மைக்ரான் அளவுள்ள இந்தத் துகள்கள் சுற்றிலும் ஆயிரக்கணக்கான நுண்விரிசல்களைத் தொடங்கிவைத்து, அவற்றை எல்லை மீறாமலும் பிடித்துக்கொள்கின்றன. அடியின் ஆற்றல் அங்கேயே செலவாகிறது. ரப்பரும் பாலிஸ்டைரீனும் முழுமையாகக் கலந்திருந்தால் மென்மையான, சூடு தாங்காத ஒரு பொருள்தான் மிஞ்சியிருக்கும். ரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் கருவியின் நுண்குழல்களில் உள்ள துளைகளும், பாலிமர் கரைசல் ஒன்றைத் திட்டமிட்டுப் பிரியவிட்டு உருவாக்கப்பட்டவையே.

பழைய பாலிஎத்திலீனையும் பாலிபுரொப்பிலீனையும் சேர்த்து உருக்கி, மறுசுழற்சிக் குருணை செய்கிறோம். பார்வைக்கு நன்றாக இருக்கிறது. அச்சில் வார்த்த பொருளை வளைத்தால் பட்டென்று உடைகிறது, மேல்தோல் உரிகிறது. இன்னும் நேரம் கூட்டிக் கலக்கினால் சரியாகுமா?
— சிறுதொழில் நடத்துபவர்

நேரத்தைக் கூட்டாதீர்கள். உருக்கிக் கலக்கித் தள்ளும் இரட்டைத் திருகு எக்ஸ்ட்ரூடரில் துளிகள் சிறிதாகும் வேலையின் பெரும்பகுதி, குருணை உருகும் இடத்திலேயே முடிந்துவிடுகிறது. அதன்பிறகு துளி உடைவதும், துளியோடு துளி மோதி ஒன்றுசேர்வதும் சமநிலைக்கு வந்துவிடும். கூடுதல் நேரம் பாலிபுரொப்பிலீனின் சங்கிலிகளை அறுத்துப் பொருளை மேலும் மோசமாக்கும். இன்னொன்று, நீங்கள் எக்ஸ்ட்ரூடரில் சிரமப்பட்டுச் சிறிதாக்கிய துளிகள், வார்ப்பு இயந்திரத்தில் மறுபடி உருகி நிற்கும்போது ஒன்றுசேர்ந்து பெரிதாகிவிடுகின்றன. குருணையை மட்டும் சோதித்தால் இது தெரியாது.

பாகுநிலையைப் பாருங்கள். துளியாகும் பாலிமரின் பாகுத்தன்மை சூழ்ந்திருப்பதைவிட நான்கு மடங்குக்கு மேல் இருந்தால், சாதாரணச் சறுக்கோட்டம் அதை உடைக்காது, உருட்டிவிட்டுக்கொண்டே இருக்கும்; ஜி. ஐ. டெய்லர் 1930-களிலேயே இரண்டு திரவங்களை வைத்து ஆராய்ந்த விஷயம் இது. இரண்டும் நெருங்கிய உருகுபாய்மம் (உருகிய நிலையில் ஓடும் எளிமை) கொண்ட ரகங்களாக இருக்கும்படி பழைய சரக்கைத் தரம் பிரித்தாலே ஓரளவு முன்னேற்றம் தெரியும்.

ஆனாலும் உங்கள் உண்மையான சிக்கல் துளியின் அளவு மட்டுமல்ல, துளியின் விளிம்பு. பாலிஎத்திலீன் சங்கிலியும் பாலிபுரொப்பிலீன் சங்கிலியும் ஒன்றன் எல்லைக்குள் மற்றொன்று சில நானோமீட்டர் ஆழத்துக்கு மட்டுமே எட்டிப் பார்க்கின்றன. முடிச்சுப் போட்டுப் பிணையும் அளவுக்கு அது போதாது. குளிரும்போது இரண்டும் வெவ்வேறு வெப்பநிலையில் படிகமாகிச் சுருங்கி அந்த விளிம்பை மேலும் இழுக்கின்றன. பிறகு வளைக்கும்போது விரிசல் விளிம்பு வழியாகவே ஓடுகிறது. தோல் உரிவதும் அதனால்தான்: அச்சின் சுவரோரம் துளிகள் தகடுகளாக நசுங்கி அடுக்கடுக்காக நிற்கின்றன.

விளிம்பைத் தைக்க வேண்டும். ஒரு பாதி பாலிஎத்திலீனுக்குள்ளும் மறுபாதி பாலிபுரொப்பிலீனுக்குள்ளும் ஊன்றி நிற்கும் சங்கிலிகள் அதற்கு வேண்டும். கம்பாட்டிபிலைசர் என்று விற்பவை இந்த வேலையைச் செய்யத்தான். கார்னெல், மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல், இந்த இரண்டு பாலிமர்களும் மாறிமாறி நான்கு துண்டுகளாக அமைந்த சங்கிலிகளை உருவாக்கி, வெறும் 1 சதவீதம் சேர்த்தே நொறுங்கும் கலவையை இழுபடும் கலவையாக்கிக் காட்டினார்கள். முன்பு சொன்ன பேட்ஸ் அந்தக் குழுவிலும் இருந்தார். அதே பொருளை நீங்கள் வாங்கிவிட முடியும் என்று சொல்லவில்லை. இன்று தொழிற்சாலைகளில் இதற்குப் பயன்படும் எத்திலீன்-புரொப்பிலீன் ரப்பர்களும் எத்திலீன்-ஆக்டீன் எலாஸ்டோமர்களும் விறைப்பைச் சற்றுக் குறைத்தாலும் உடைவதை நன்றாகக் கட்டுப்படுத்தும். 3, 5, 8 சதவீதம் என்று மூன்று தொகுதி ஓட்டுங்கள். மாலிக் அன்ஹைட்ரைடு ஒட்டிய வகையை யாராவது பரிந்துரைத்தால் தயங்குங்கள். நைலான்போல வினைபுரியும் முனைகள் கொண்ட பாலிமர் கலவையில் இருந்தால்தான் அதற்கு வேலை. உங்கள் சரக்கில் அப்படி எதுவும் இல்லை.

ஒவ்வொரு தொகுதியிலும், குருணையை அல்ல, வார்த்த பொருளில் ஒரு துண்டை வெட்டித் திரவ நைட்ரஜனில் நன்றாக ஊறவைத்து, கையுறையோடு எடுத்து உடையுங்கள். உடைந்த முகத்தை அருகிலுள்ள கல்லூரியின் மின்னணு நுண்ணோக்கியில் காட்டச் சொல்லுங்கள். வழவழப்பான உருண்டைகளும், உருண்டை கழன்றுபோன வழவழப்பான குழிகளும் தெரிந்தால் விளிம்பு இன்னும் ஒட்டவில்லை. உருண்டைகள் சிறுத்து, குழிகள் மறைந்து, விரிசல் துளியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போயிருந்தால் அந்தச் சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். மூன்று தொகுதிகளின் படங்களையும் எனக்கு அனுப்பிவையுங்கள். இந்தப் பக்கத்திலேயே சேர்ந்து பார்ப்போம்.